பரு போச்சு, கறுப்பு போகலையா? அதிமதுரப் பொடியை நம்பலாமா?

பரு ஆறி ரெண்டு மாசம் ஆச்சு. அது இருந்த இடத்துல கறுப்பு மட்டும் அப்படியே இருக்கா? ரீல்ஸைத் திறந்தா, 'அதிமதுரப் பொடியைத் தண்ணியில குழைச்சுப் பூசுங்க, ஏழே நாள்ல மறைஞ்சிடும்' என்கிறார்கள். அதிமதுரத்தில் விஷயம் இருக்கு. அந்தத் தண்ணியும் அந்த ஏழு நாளும்தான் இடிக்குது.

நம் தோலில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் டைரோசினேஸ் என்ற என்சைம்தான் மெலனின் நிறமி உருவாகும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. வெயில், பரு, ஹார்மோன் மாற்றம், அழுத்தித் தேய்ப்பது என எது தூண்டினாலும் மெலனின் கூடும். கன்னத்தில் படரும் மங்குவிலும் நடப்பது இதுதான். கருமையைக் குறைக்கும் தாவரப் பொருள்கள் பலவும் இந்த என்சைமைத்தான் மடக்கிப்போடுகின்றன.

அதிமதுர வேரில் அந்த வேலையைப் பார்ப்பது கிளாப்ரிடின். வேரில் இது இருப்பதே கொஞ்சம்தான். அதுவும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால, பொடியைக் குழைச்சுப் பூசினா தோலுக்குள்ள போறது சொற்பம். க்ரீம், சீரம்களில் பிரித்தெடுத்த சாறு சேர்க்கிறார்கள். லேபிளில் 'லிகோரைஸ் எக்ஸ்ட்ராக்ட்' அல்லது 'கிளாப்ரிடின்' இருக்கான்னு பாருங்க.

அடுத்தது அர்பூட்டின். பேர்பெர்ரி என்ற குளிர்நாட்டுச் செடியின் இலையில் இருப்பது. சீரம்களில் அதிகம் வருவது அதன் உறவான ஆல்ஃபா அர்பூட்டின். முகக் க்ரீமில் இது 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நிறைய போட்டா சீக்கிரம் போகும்ங்கிற கணக்கு இங்கே செல்லாது. கோதுமை, பார்லியில் இருக்கும் அசெலாயிக் ஆசிட், பரு, கருமை ரெண்டுக்கும் கைகொடுக்கும். கர்ப்ப காலத்திலும் டாக்டர்கள் பரிந்துரைப்பதுண்டு.

எலுமிச்சை? வேண்டவே வேண்டாம். காலேஜ் நாள்கள்ல நானும் தேய்ச்சவதான், எரிச்சல்தான் மிச்சம். அதிலுள்ள ஃபுரோகூமரின், வெயில் பட்டால் தோலைப் பொசுக்கி, புதுசா ஒரு கறுப்புத் திட்டையே வரவைக்கும். நம்ம மாநிறத் தோலுக்கு எரிச்சலே கருமைக்கு அழைப்பிதழ்.

எதைப் பூசினாலும் முதல்ல காதுக்குப் பின்னால தடவிப் பாருங்க. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் போடலைன்னா, ராத்திரி குறைச்சதைப் பகல் வெயில் திருப்பிக் கொடுத்துடும். மங்கு இருக்கிறவங்களுக்கு, அயர்ன் ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது. இதெல்லாம் திட்டுகளுக்குத்தான். பிறவி நிறத்தை மாத்த நினைக்காதீங்க.

'ஹெர்பல்'னு பேர் மட்டும் இருக்கு, லேபிளில் என்னென்ன கலந்திருக்குன்னு இல்லை, ஒரே வாரத்தில் முகம் வெளுக்குதா? ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், பாதரசம் கிட்னியைப் பாதிக்கும். மாசக்கணக்கா பூசிட்டு இருந்தா, ஸ்டீராய்டை நிறுத்தினதும் முகம் சிவந்து எரியலாம். அதனால ஸ்கின் டாக்டரை உடனே பாருங்க. போகும்போது அந்த ட்யூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க.