மூக்கில் ‘சதை’: வெட்டுவதா, சுருக்குவதா?

தோட்டமானாலும் பட்டணமானாலும், மாதக்கணக்கில் மூக்கடைப்பு இருந்தால் நம் மக்கள் அதற்கு ‘சைனஸ்’ என்றோ, மலாய்க்காரர்கள் சொல்வதுபோல் ‘ரெஸ்டுங்’ என்றோ பெயர் வைத்துவிடுவார்கள். யாராவது டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்குத் துளைக்குள் இளஞ்சிவப்பாக ஒரு மேடு தெரியும். உடனே, “உள்ளே சதை வளர்ந்துவிட்டது, வெட்ட வேண்டும்” என்ற பேச்சு கிளம்பும்.

பெரும்பாலும் அது புதிதாக வளர்ந்த சதை அல்ல. எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் உறுப்பு. மருத்துவத்தில் டர்பினேட் என்பார்கள், தமிழில் நாசிச்சங்கு. மூக்கின் ஒவ்வொரு பக்கமும் மேல், நடு, கீழ் என மூன்று உண்டு. அடைப்புக்குக் காரணமாவது பெரும்பாலும் கீழ்ச்சங்குதான். உள்ளே மெல்லிய எலும்பு, அதைச் சுற்றி இரத்தக் குழாய்கள் நிறைந்த பஞ்சு போன்ற திசு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்து வைப்பது இதன் வேலை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்குவதும் இயல்பே. இரவில் அடைப்பு பக்கம் மாறுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை.

ஒவ்வாமையால் இந்தச் சங்கு நிரந்தரமாக வீங்கும்போதுதான் தொல்லை. மலேசியாவின் ஈரப்பதத்தில் மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசிப்பூச்சிகள்தான் இங்கே முதல் குற்றவாளி. புகைமூட்டக் காலம், சிகரெட், கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி எல்லாம் அதை இன்னும் கிளறிவிடும். வாயால் மூச்சு விடுவதும், குறட்டையும், காலையில் தூங்கி எழுந்தும் தீராத களைப்பும் இதன் விளைவுகள்.

பலர் முதலில் தேடுவது கோடாலித் தைலத்தை. அதிலுள்ள மெந்தோல் மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு திறந்ததுபோல் தோன்றும். வழி உண்மையில் அகலமாவதில்லை. அதனால் பெரிய கேடு இல்லை. கேடு விளைவிப்பது மருந்துக் கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துதான். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் 3 முதல் 5 நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் சங்கு முன்பைவிட அதிகமாக வீங்கும். பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் தூங்கவே முடியாது. பையில் எப்போதும் ஒரு குப்பியோடு திரிபவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு முறையான முதல் மருந்து, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இது உடனே வேலை செய்யாது. வாரக்கணக்கில் தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுபவர்களே அதிகம். வலது கையால் இடது துளையிலும், இடது கையால் வலது துளையிலும், நடுத்தண்டின் மீது படாமல் வெளிப்புறமாகச் சாய்த்து அடித்தால் இரத்தம் கசிவது குறையும். காய்ச்சி ஆறவைத்த நீரில் கலந்த உப்புக் கரைசலால் கழுவுவதும் உதவும்.

சில மாதம் ஒழுங்காக மருந்து எடுத்தும் குறையாதவர்களுக்குத்தான் அடுத்த கட்டம். முன்பு சங்கையே பெருமளவு வெட்டி எடுப்பார்கள். அப்படி எடுக்கப்பட்ட சிலருக்கு, வழி அகலமாகத் திறந்திருந்தும் மூச்சே வரவில்லை என்ற விநோதத் தவிப்பு ஏற்பட்டது. 1994இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதற்கு ‘வெற்று மூக்கு’ நோய் என்று பெயரிட்டனர். அதனால் இப்போது வெட்டி எறிவதைவிடச் சுருக்குவதே விரும்பப்படுகிறது.

அதில் எளிமையானது ரேடியோ அலைச் சிகிச்சை. மூக்கை மரத்துப்போகச் செய்து, ஊசி போன்ற ஒரு கருவியைச் சங்கின் முன்பகுதியில் தோலுக்கு அடியில் நுழைப்பார்கள். அதன் மிதமான வெப்பம் உள்திசுவை மட்டும் சுடும். ஈரத்தைக் காக்கும் மேல்தோல் தப்பிவிடும். சுட்ட இடம் தழும்பாகி இறுகும்போது சங்கு சுருங்குகிறது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் முதல் வாரம் வீக்கத்தால் அடைப்பு இன்னும் கூடும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். அந்த முதல் வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, செம்பனைக் குலை தூக்குவது போன்ற கனமான வேலையும் கூடாது. சங்கு மிகப் பெரிதாக இருந்தால், முழு மயக்கத்தில் நுண்கருவியால் உட்புறத் திசுவை மட்டும் சுரண்டி எடுக்கும் முறையும் உண்டு.

இவை அடைப்பைத்தான் குறைக்கும், ஒவ்வாமையைத் தீர்க்காது. தும்மலும் நீர் வடிதலும் தொடரலாம், சில ஆண்டுகளில் சங்கு மீண்டும் பெருக்கலாம். “ஒரே தடவையில் நிரந்தரத் தீர்வு” என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கை தேவை. நடுத்தண்டு வளைந்திருந்தால் சங்கை மட்டும் சுருக்கிப் பயனில்லை. பிள்ளைகளுக்கோ அடைப்பு பெரும்பாலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டால் வருவது.

மஸ்ஜித் தானா மக்கள் முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலாக்கா மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம். குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி என்பதே வழக்கமான கட்டணம். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்க நேரிடலாம். தனியாரிடம் போவதானால் மருத்துவர், மயக்க மருந்து, கருவி ஆகியவற்றின் செலவைத் தனித்தனியாக முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைப்பு, சளியில் இரத்தம், ஒரு காது அடைத்தே இருத்தல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஸ்ப்ரே அடித்துக் காத்திருக்கக் கூடாது. மூக்கின் பின்புறப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். அதே வாரம் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.