பற்றுக் கணக்கும் பங்குக் கணக்கும்

மலைநாட்டுத் தோட்ட மக்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கப்பலையும் காட்டையும் கோப்பியையும் தேயிலையையும் பற்றி விரிவாக எழுதுவர். கடைக்காரரின் கணக்குக் கொப்பியைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் நம் முன்னோரைக் கட்டிப் போட்டதில் அக்கொப்பிக்குப் பெரும் பங்குண்டு.

இந்தியாவிலிருந்து புறப்படும்போதே வழிச் செலவு அவர்கள் பெயரில் பற்று எழுதப்பட்டது. தோட்டத்தில் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்தில் கழிந்தது. மற்றச் சாமான்களுக்குக் கடையிலே கடன். கடன் தீராமல் தோட்டம் மாறுதல் அரிது. 'இவ்வளவு தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம்' என்று தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனோடு மனிதரையும் கைமாற்றிய இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. துண்டு ஒழிந்தும் பற்றுக் கொப்பி ஒழியவில்லை.

1844ஆம் ஆண்டு இங்கே நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் கண்டி நகரில் கார்கில்ஸ் வியாபாரத் தாபனத்துக்கு அத்திவாரம் இடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 21ஆந் திகதி, இங்கிலாந்தின் ரொச்டேல் பட்டணத்தில், ஏழைத் தொழிலாளர் சிலர் 28 பவுண் முதலுடன் சிறு கடையொன்றைத் திறந்தனர். அங்கே கடனில்லை, ரொக்க வியாபாரமே. வந்த இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி அங்கத்தவர்க்கே பங்கிட்டனர். வாங்குவோர்க்கு வெகுமதி கொடுக்கும் வழக்கத்துக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம். 1872இல் ஆங்கிலக் கூட்டுறவு மொத்த வியாபாரச் சங்கம் பணம் வைப்பிடும் பகுதியையும் தொடங்கிற்று. அதுவே பின்னர் வங்கியாக வளர்ந்தது.

இலங்கையிலும் இவ்வெண்ணம் வேரூன்றியது. 1911இல் ஐக்கிய நாணய சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பங்கீட்டு உணவை வழங்கச் சங்கக்கடைகள் பெருகின. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1961இல் மக்கள் வங்கி தோன்ற, 1964 முதல் அதன் துணையுடன் அச்சங்கங்களில் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. அரிசி வாங்கும் இடத்திலேயே சேமிக்கவும் நகை அடகு வைக்கவும் கிராமத்தவர்க்கு வழி உண்டாயிற்று.

இப்போது காலம் வேறு. கார்கில்ஸ் தாபனம் 1983இல் கொழும்பில் தன் முதல் ஃபூட் சிட்டி கடையைத் திறந்தது. நம் கொத்மலையின் பெயர் தாங்கிய பாலும் அதன் வசமாயிற்று. 2014இல் அது வங்கியும் தொடங்கிற்று. கீல்ஸ் கடைகளோ நெக்ஸஸ் என்னும் பெயரில் வாடிக்கையாளர்க்குப் புள்ளி வழங்கின. மேல்நாட்டில் டெஸ்கோ நிறுவனம் 1995இல் புள்ளி அட்டையும் 1997இல் வங்கியும் தொடங்கி, 2024இல் வங்கித் தொழிலின் பெரும் பகுதியை பார்க்லேஸ் வங்கிக்கு விற்றுவிட்டது. வியாபாரி இலாபமுள்ளவரை வங்கி நடத்துவான். அது அவன் தொழில் தருமம்.

புள்ளியைப் பெறுவது குற்றமன்று. ஆனால் ரொச்டேல் தொழிலாளி பெற்றது தன் சொந்தக் கடையின் இலாபப் பங்கு. நாம் பெறுவது பிறர் கடையின் தள்ளுபடி. அதற்கு விலையாக, நம் வீட்டில் என்ன உண்கிறோம், என்ன வாங்குகிறோம் என்ற விவரமும் அவர்கள் கணக்கில் ஏறுகிறது. 100 ரூபாவுக்கு ஒரு ரூபா புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபா செலவிட்டால் மிச்சம் 100 ரூபா. அந்தப் புள்ளியின் ஆசையால் வேண்டாத பொருளை 500 ரூபாவுக்கு வாங்கினால் மிச்சம் எங்கே?

வாலிபர்களே! நம் பாட்டன்மார் கொப்பியில் எழுதியதை வாசிக்க இயலாமல் கைநாட்டு வைத்தனர். நீங்கள் படித்தவர்கள். லயத்துத் தாய்மாரின் கடைப் பற்றுச்சீட்டையும் கடன் பத்திரத்தின் வட்டியையும் அவர்களுக்கு வாசித்து விளக்குங்கள். சங்கக்கடை இருக்குமிடத்தில் அங்கத்தவராகி, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேளுங்கள். கணக்கை அறிந்தவனை எந்தக் கொப்பியும் கட்டாது.