தெருநாய்ப் பள்ளிக்கூடம்

வளர்ந்த நாய்க்குப் பாடம் ஏறாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். எங்கள் திண்ணையில் வந்து ஒண்டிய கிழட்டு நாயிடம் நானும் அதையே சொல்லிக் கோலை ஓங்கியவன்தான். அப்போது ரிச்சர்ட்ஸனின் கதை எனக்குத் தெரியாது.

முதல் உலக யுத்தத்தில், போர்முனையின் டெலிபோன் கம்பிகள் குண்டு விழுந்து அறுந்துபோகும்; செய்தி கொண்டு ஓடும் சிப்பாய்கள் மாண்டுபோவார்கள். அவர்களுக்குப் பதிலாக நாய்களைப் பழக்க, 1917-ல் எட்வின் ரிச்சர்ட்ஸன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஷூபரினெஸ் என்னும் கடலோர ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மாணாக்கர்களில் பலர் லண்டன் பாட்டர்ஸீ விடுதியிலிருந்து வந்த அநாதைத் தெருநாய்கள். கேட்பாரில்லாத நாய்க்கு அங்கே பெரும்பாலும் சாவுதான் விதி.

வேட்டுச் சத்தத்துக்கு அவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். அடி கிடையாது. வழி தவறிய நாயைச் சாந்தமாக அழைத்துப்போய், புறப்பட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிடுவார்கள். ஒழுங்காக வந்து சேர்ந்தால் சாப்பாடு, தட்டிக்கொடுத்தல்.

போர்முனையில், வேறொரு சிப்பாய் நாயை முன்னணிக்கு அழைத்துச் செல்வான். கழுத்துப்பட்டையில் செய்தியை வைத்து அவிழ்த்துவிட்டால், பின்னால் இருக்கும் தன் காப்பாளனைத் தேடிக் குண்டுகளின் நடுவே அது ஓடிவரும். கட்டளைக்குப் பயந்தல்ல, தனக்கென்று ஒருவன் கிடைத்துவிட்டானே, அதற்காக.

ரிச்சர்ட்ஸனைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. ஆனாலும், அந்த அன்பையே கயிறாக்கி ஒரு வாயில்லா ஜீவனைச் சாவின் வழியாக இழுத்தார்களே என்று நெஞ்சு உறுத்துகிறது.

கோலைப் பரண்மேல் போட்டுவிட்டேன். திண்ணை நாய், கூப்பிட்டால் இப்போது எழுந்து வருகிறது, மெதுவாகத்தான்.