கண்ணுக்கு ஒரு வடிகால்

பத்தமடை என்றதும் எல்லோருக்கும் பாய்தான் ஞாபகத்துக்கு வரும். துணியைப் போல மடியும் அந்தக் கோரைப் பாயைக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். எனக்கு மாத்திரம் பாய்க்கு முன்னால் ஒரு பெரியம்மாளின் நெற்றி ஞாபகத்துக்கு வருகிறது. அதில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். அது ஆறுவதற்குள் அடுத்த காயம் வந்துவிடும்.

நான் சிறுவனாயிருந்தபோது விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு அந்த ஊருக்குப் போவதுண்டு. அந்த அம்மாள் தெருவிலேயே பெரிய கைக்காரி. மெல்லிதாய்க் கிழித்த கோரையை நூல் பாவில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திக்கொண்டே போவாள். ஓர் இழை தப்பாது. ஆனால் எழுந்து உள்ளே போகும்போது வாசல் நிலையில் இடித்துக்கொள்வாள்.

"கண் தெரியலியா, பெரியம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணுக்கென்ன தம்பி! கோரை இழை இழையாத் தெரியுது. இந்த நிலைதான் குறுக்கே வந்து இடிக்குது" என்றாள்.

நாங்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

நம் ஜனங்களுக்குக் கண் நோய் தெரியாது என்று சொல்ல முடியாது. 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று எத்தனையோ காலமாகச் சொல்லி வருகிறார்கள். கடிகாரத்தின் முகத்துக்குக் கண்ணாடி இருப்பதுபோலக் கருவிழிக்கு முன்னால் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. டாக்டர்கள் அதைக் கார்னியா என்பார்கள். அதில் புண் வந்து ஆறினால் வெள்ளைத் தழும்பு நிற்கும். அதுதான் பூ. நெற்களத்தில் ஓர் உமி தெறித்துக் கீறினாலே போதும். கீறல் வழியாகக் காளான் கிருமி புகுந்து புண்ணாக்கிவிடும். முலைப்பாலும் விளக்கெண்ணெயும் விட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள், தழும்பு மிஞ்சினாலே பாக்கியம் என்கிற நிலை வந்துவிடும்.

ஆனாலும் பூ எதிரே நிற்பவனுக்குத் தெரிகிற நோய். பெரியம்மாளின் கண்ணிலோ பூ இல்லை, சிவப்பில்லை, வலியும் இல்லை. அவளுடைய நோய்க்கு ஊரில் பெயரே கிடையாது.

பெயர் இல்லாவிட்டாலும் உவமை அந்த ஊரிலேயே இருக்கிறது. பத்தமடையின் பெயருக்குள்ளேயே ஒரு மடை இருக்கிறதல்லவா? தாமிரவருணியிலிருந்து பிரிந்து வரும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் மடை வழியே வயலுக்குள் வரவேண்டும்; மிச்சம் வடிகால் வழியே வெளியேற வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் பயிர் அழுகும். கண்ணுக்குள்ளும் இப்படித்தான் ஓயாமல் ஒரு நீர் சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. அழும்போது வருகிற கண்ணீர் வேறு. இது உள்ளேயே ஊறி, கருவிழியின் ஓரத்து மூலையில் வடிவது. அந்த வடிகால் அடைபட்டால் நீரின் அழுத்தம் ஏறி, கண்ணின் பின்புறத்து நரம்பைச் சிறுகச் சிறுகக் கொல்லும். முதலில் பார்வையின் ஓரங்கள் போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். கோரை தெரியும், நிலை தெரியாது. இதற்குத்தான் கிளாக்கோமா என்று பெயர். சிலருக்கு வடிகால் திடீரென்று மூடிக்கொண்டு, தலைவலியும் கண்வலியும் துடிக்க வைக்கும். விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். அவர்கள் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். வலி அவர்களை டாக்டரிடம் விரட்டிவிடுகிறது.

வெகுகாலம் வரை வைத்தியர்கள் மூடிய இமையின் மேல் விரலால் அழுத்தித்தான் கண்ணின் கடினத்தை நிதானித்தார்கள். 1851-இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைச் செய்தார். நரம்பின் முனை குழிந்துபோவது அதன்பின்தான் கண்ணுக்குத் தெரிந்தது. 1857-இல் கிரேஃபே என்பவர் கண்மணியைச் சுற்றியுள்ள திரையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, வலியோடு வரும் வகையைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். ஓசையில்லாமல் வரும் வகைக்கு அது அவ்வளவாகப் பலிக்கவில்லை.

அதற்கு ஒரு வழி நம் சென்னையில் பிறந்தது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரியைப் பின்பற்றி 1819-இல் தொடங்கிய கண் ஆஸ்பத்திரி, பிற்பாடு எழும்பூருக்கு வந்து சேர்ந்தது. அங்கே தலைமை டாக்டராயிருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். நோயாளிகள் முற்றிய பிறகே வருவார்கள். ஒருமுறை போனால் மறுபடி வருவார்களென்ற நிச்சயமில்லை. ஆகவே ஒரே தடவையில் பலன் தரும் சிகிச்சை வேண்டியிருந்தது. 1909-இல் அவர் சின்னஞ்சிறு வட்டக் கத்தியால், கருவிழியும் வெள்ளைவிழியும் சேருமிடத்தில், இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத ஒரு துளை போட்டார். உள்நீர் அந்தத் துளை வழியே வெளித்தோலின் அடியில் வடிந்தது. அடைத்த வயலின் வரப்பில் புது வடிகால் வெட்டிய கதைதான்! எழும்பூரின் முறை உலகமெங்கும் பரவியது. ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தில் இதே எலியட், மாஜிக்காரர் சங்கத்தின் குழுவொன்றுக்குத் தலைவராகி, இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதாடினார். கண் விஷயத்திலும் அவர் மாயம் எதையும் நம்பவில்லை. ஒரு துளையைத்தான் நம்பினார்.

அந்தத் துளைக்கும் குறை இருந்தது. மேலே மூடியிருந்த தோல் மெலிந்து, பல வருஷம் கழித்துக்கூடக் கிருமி உள்ளே நுழையும். 1968-இல் கேம்பிரிட்ஜ் டாக்டர் கேர்ன்ஸ், வெள்ளைவிழியிலேயே ஒரு மூடி போல மடிப்பு விட்டு வடிகால் வெட்டும் முறையை விவரித்தார். வடிகாலுக்குக் கதவு வந்தது. இன்று பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தோ லேசரோ முதலில், கத்தி பிறகுதான்.

பூ விழுந்த கண்ணின் கதையும் எழும்பூர் வழியாகத்தான் வருகிறது. 1905-இல் மொராவியாவில் ஸிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு கூலியாளுக்கு, காயத்தால் எடுக்க நேர்ந்த ஒரு பையனின் கண்ணிலிருந்து கார்னியாவை எடுத்து ஒட்டவைத்துப் பார்வை வரச்செய்தார். நம் நாட்டின் முதல் கண் வங்கியை 1945-இல் எழும்பூரில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா ஏற்படுத்தினார்; 1948-இல் கார்னியாவை மாற்றியும் வைத்தார். அந்தப் படலத்தில் ரத்தக் குழாய் இல்லை. ஆகையால் சாதி மதம் இருக்கட்டும், ரத்தப் பிரிவுகூடப் பார்க்க வேண்டியதில்லை. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தால் போதும்.

இரண்டு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரிகிறது. பூ விழுந்த கண்ணுக்கு முன்பின் அறியாத ஒருவர் இறந்த பின்பும் பார்வை கொடுக்கலாம். செத்த நரம்பை யாராலும் கொடுக்க முடியாது. எலியட்டின் துளையும், கேர்ன்ஸின் கதவும், இன்றைய சொட்டு மருந்தும் மிஞ்சியிருப்பதைக் காக்குமே தவிர, போனதைத் திருப்பித் தரா. தெரிகிற நோய்க்கு முடிவிலும் ஒரு வழி உண்டு. தெரியாத நோய்க்கு ஆரம்பத்தில் மட்டும்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்களும், கண் நன்றாயிருக்கும்போதே அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கடையில் தானாக வாங்கி விட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து காளான் புண்ணையும் முற்றவைக்கும், உள்ளழுத்தத்தையும் ஏற்றும்.

பெரியம்மாளைக் கடைசியில் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கண் அதற்குள் போயிருந்தது. மற்றதில் நடுவில் மிஞ்சிய பார்வையைச் சொட்டு மருந்து பிடித்து நிறுத்தியது. அதை வைத்துக்கொண்டு அவள் இன்னும் பல வருஷம் பாய் நெய்தாள்.

அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது, அவள் தன் தங்கையை வலுக்கட்டாயமாகப் பஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் கண் நல்லாயிருக்கே அக்கா, நான் எதுக்கு?" என்றாள் தங்கை.

"ஏட்டி, நல்லாயிருக்கையிலேயே போயிரணும்" என்று சொல்லி, அவள் கையில் டிக்கெட்டுக்குச் சில்லறையை வைத்தாள் பெரியம்மாள்.