என்ட்ரன்ஸ் சான்றிதழும் கல்கத்தாவின் எழுத்தர்களும்

பள்ளியிறுதித் தேர்வில் தேறியவுடன் வேலை தேடுவது இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் பள்ளிச் சான்றிதழுக்கும் சம்பளத்துக்கும் இடையிலான இப்பிணைப்பு ஒரு வரலாற்று உருவாக்கம். அது உருப்பெற்ற முதன்மையான களங்களுள் ஒன்று காலனியக் கல்கத்தா.

1837-இல் பாரசீகம் ஆட்சிமொழி என்னும் நிலையை இழந்தது. 1844 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிறப்பித்த ஆணை, ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என அறிவித்தது. 1857 ஜனவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அவ்வாண்டே நடந்த முதல் என்ட்ரன்ஸ் தேர்வை 244 பேர் எழுதினர். மறு ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றவர்களோ பங்கிம் சந்திரர், ஜதுநாத் போஸ் ஆகிய இருவர் மட்டுமே.

பெயரளவில் என்ட்ரன்ஸ், பல்கலைக்கழகத்தின் வாயில். நடைமுறையிலோ பலருக்கு அதுவே கல்வியின் முடிவாகவும் அலுவலகத்தின் வாயிலாகவும் அமைந்தது. கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத நடுத்தரக் குடும்பத்து இளைஞர்கள் டல்ஹௌசி சதுக்கத்து அரசு அலுவலகங்களையும் கிளைவ் தெருவின் வணிக நிறுவனங்களையும் நாடினர். வங்காளி இவர்களைக் ‘கெரானி’ என்றான். இவர்களது பிழைப்பைச் ‘சாக்ரி’ என்றான். இரண்டிலும் ஏளனமும் இரக்கமும் கலந்திருந்தன. கடிகாரத்துக்கும் வெள்ளை மேலாளருக்கும் கட்டுண்ட இவ்வாழ்வின் மனச்சோர்வே இராமகிருஷ்ணரின் உரைகளை நாடிச் செல்ல எழுத்தர்களைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என வரலாற்றாய்வாளர் சுமித் சர்க்கார் விளக்குகிறார். அச்சோர்வு எதிர்ப்பாகவும் மாறியது. 1905 செப்டம்பரில் ஹௌராவின் பர்ன் கம்பெனியில், இழிவுபடுத்துவதாகக் கருதிய புதிய பணிவிதியை எதிர்த்து ஏறத்தாழ 250 வங்காள எழுத்தர்கள் வெளிநடப்புச் செய்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வரலாற்றில் தமிழரும் இணைகின்றனர். பள்ளியிறுதிச் சான்றிதழோடு தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் ஹௌரா செல்லும் மெயிலில் ஏறினர். ஊர்க்காரர் அல்லது உறவினர் ஒருவரின் அறையில் தங்கி, அவர் பரிந்துரையால் முதல் வேலையைப் பெறுவது வழக்கமாயிற்று. தென் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரம் தமிழ்க் குடியிருப்பாக வளர்ந்ததற்கு இவர்களின் வருகையும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சான்றிதழ் எல்லோருக்கும் பொதுவான அளவுகோலாகத் தோன்றினாலும், அதை அடையும் வழி பொதுவானதாக இல்லை. வங்கத்தில் பிராமணர், வைத்தியர், காயஸ்தரும், இடம்பெயர்ந்த தமிழரில் பெரும்பாலும் பிராமணருமே இவ்வேலைகளில் மிகுந்திருந்தனர். 1878-இல் காதம்பினி பாசு என்ட்ரன்ஸில் தேறினார், பின்னர் மருத்துவரானார். ஆனால் அதே சான்றிதழ் பெற்ற ஆணுக்குத் திறந்த எழுத்தர் அறை, பெண்ணுக்கு அப்போது திறக்கவில்லை.

ஆகவே ‘தகுதி’ என்னும் சொல்லை ஆவணங்களில் காணும்போது, தேர்வில் தேறியவர் யார் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. தேர்வுக் கூடம்வரை வர இயன்றவர் யார், தேறிய பின்னும் வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்றும் கேட்க வேண்டும். முதல் வேலையின் சமூக வரலாறு அவ்வினாக்களிலிருந்தே தொடங்குகிறது.