ஓம்புநர்

வலையமைப்பில் இணைந்த கணினியை ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ என்பார்கள். தமிழில் அதற்கு வழங்கும் கலைச்சொற்களுள் ஒன்று ஓம்புநர். வேர் ‘ஓம்பு’: பேணு, காத்துப் போற்று. திருக்குறளின் 9ஆம் அதிகாரமான விருந்தோம்பலில் இருப்பதும் இதே வினை. ஹோஸ்டின் மூலமான லத்தீன் ‘ஹோஸ்பெஸ்’ விருந்தளிப்பவர், விருந்தினர் இருவரையுமே குறித்தது. ஓம்புநரில் அந்த மயக்கம் இல்லை, அழகான ஆக்கம்.

ஓம்புநருக்குப் பெயர் நமக்காக. கணினிக்கு வேண்டியது எண் முகவரி. ராயபுரத்தில் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள லினக்ஸ் கணினியில் ‘பிரிண்டர்’ என்றால் 192.168.1.20 என்று ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் எழுதிவைக்கலாம். சுங்கத்துறையின் ‘ஐஸ்கேட்’ தளத்துக்கோ, பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வேண்டும். அந்த சர்வரின் முகவரி ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பில் இருக்கும். எதை முதலில் பார்ப்பது என்பதை ‘என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்’ முடிவு செய்கிறது. அதில் ‘ஃபைல்ஸ் டிஎன்எஸ்’ என்றிருந்தால் முதலில் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு, பிறகே சர்வர். பழைய முகவரி கோப்பில் தங்கிவிட்டால், சர்வரிடம் சரியான விடை இருந்தும் கணினி அதைக் கேட்காது. தளம் திறக்கவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் கோப்பு.

ஆரம்பத்தில், இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ் முறையை வகுத்தார். இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழ் எழுத்திலேயே ஓம்புநருக்குப் பெயரிடலாம்.