சாந்தோமும் ‘சாந்தோமே’யும்: ஜப்பானியப் பழந்துணிகளில் சோழமண்டலக் கோடுகள்

முன்னுரை

ஜப்பானியப் பழந்துணிகளை இணைத்துத் தைத்துப் புதிய படைப்புகளை உருவாக்குவது இன்றைய துணிக்கலையில் நிலைபெற்ற போக்காகும். கிழிசல்களை அடுக்கித் தைத்த ‘போரோ’ துணிகள் அருங்காட்சியகங்களிலும் இடம்பெறுகின்றன. இத்தகைய பழந்துணிகள் முற்றிலும் ஜப்பானுக்கே உரியவை என்று கருதத் தோன்றும். ஆயின், அவற்றுள் ஒருவகைக் கோட்டுத்துணியின் பெயர் தமிழகக் கடற்கரையைச் சுட்டுகிறது. அப்பெயர் உணர்த்தும் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் வணிகமும்

எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானியர் விரும்பி அணிந்த கோடிட்ட பருத்தித்துணி ‘சாந்தோமே-ஜிமா’ எனப்பட்டது. ‘சாந்தோமே’ என்பது மயிலாப்பூரை ஒட்டிப் போர்த்துகீசியர் குடியேறிய சாந்தோமைக் குறிக்கும். ‘ஜிமா’ என்பது கோட்டைக் குறிக்கும் ‘ஷிமா’ என்பதன் திரிபு. தீவு என்பதற்கும் ஜப்பானியத்தில் ‘ஷிமா’ என்பதே சொல்; தீவுகளிலிருந்து வந்த துணி என்பதால் கோட்டிற்கு அப்பெயர் அமைந்தது என்பர்.

டச்சு நிறுவனத்தார் 1609இல் ஹிராடோவிலும் 1610இல் பழவேற்காட்டிலும் வணிக நிலையம் அமைத்தனர். 1641 முதல் நாகசாகியின் தெஜிமாத் தீவிலிருந்து வாணிகம் செய்தனர். பட்டு உடுத்தத் தடையிருந்த எளிய நகர மக்களிடையே கருநீலத்தில் மெல்லிய செங்கோடுகள் ஓடும் பருத்தித்துணி மதிப்புப் பெற்றது. சோழமண்டலக் கரையில் செந்நிறத்திற்குச் சாயவேரும் படிகாரமும் பயன்பட்டன.

போலியும் பாதுகாப்பும்

இத்துணியை ஜப்பானிய நெசவாளரும் நெய்யத் தொடங்கினர். 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டபின், இறக்குமதி நூலைக்கொண்டு கவகோயேயில் நெய்த ‘தோசான்’ புகழ்பெற்றது. எனவே ஒரு பழந்துணியில் கோடு இருப்பதாலேயே அதைச் சோழமண்டலத் துணி என முடிவுகட்டுதல் பிழையாகும். ‘சாந்தோமே’ என்பது வணிகப்பெயரேயன்றி நெய்த ஊரின் பெயரன்று. நூல், சாயம், நெசவு ஆகியவற்றை ஆய்ந்தே பிறப்பிடம் துணிய இயலும்.

எனினும், பாதுகாத்த முறை கருதத்தக்கது. நெசவுக் குடும்பத்தினர் துண்டுத்துணிகளைத் தாளில் ஒட்டி ‘ஷிமாச்சோ’ என்னும் கோட்டேடுகளாகத் தொகுத்தனர். ஹிகோனேயின் யீ குடும்பத்தார் சேர்த்த ஏறத்தாழ 450 ‘சரசா’த் துணித் துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் பல இந்தியாவில் உருவானவை. துணி எஞ்சியுள்ளது, நெய்தவர் பெயர் எஞ்சவில்லை.

முடிவுரை

சேத்தூரை அடுத்த இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் பருத்தியோடு வாழ்ந்த நிலமே. சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. கைத்தறி வீடுகளில் பழஞ்சேலையும் கரைத்துண்டும் வரலாற்றுச் சான்றுகளாகக் கருதப்படாமல் கழிகின்றன. அவற்றை நெய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய குறிப்புகளோடு ஏடுகளாகத் தொகுப்பது வட்டாரக் கல்லூரிகளால் இயலும் பணியாகும். ஓலையையும் கல்வெட்டையும் போலத் துணியும் ஆவணமே என்பதைச் ‘சாந்தோமே’ உணர்த்துகிறது; நெய்தவர் பெயரின்றி அவ்வாவணம் நிறைவுறாது என்பதையும் அதுவே உணர்த்துகிறது.